ஆற்று நீரின் உப்புத்தன்மையும் குடிநீரும்: மர்ரே–டார்லிங் படுகையில் உப்புக் கட்டுப்பாடு

ஆற்று நீரில் கரைந்துள்ள சோடியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட்டு, பைகார்பனேட்டு முதலியவற்றின் மொத்த அளவே அந்நீரின் உப்புத்தன்மை எனப்படுகிறது. உப்பே இல்லாத ஆறு உலகில் இல்லை. சிறிதளவு தாதுக்கள் நீருக்குச் சுவை தருகின்றன; உடலுக்கும் பயன்படுகின்றன. அளவு மிகும்போது பயிரும் மண்ணும் பாதிக்கப்படுவதை அனைவரும் அறிவர். அது குடிநீர்ச் சிக்கலாகவும் மாறுகிறது என்பது அத்துணை அறியப்படவில்லை.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் இட்டுக் கலங்கல் நீக்கப்படுகிறது. மணற்படுகையில் நீர் வடிகட்டப்படுகிறது. பின்னர் குளோரின் கலந்து கிருமிகள் அழிக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் கரைந்த உப்பை அகற்றுவதில்லை. வீட்டில் நீரைக் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. பாத்திரத்தின் அடியில் படியும் வெண்படலம் பெரும்பாலும் சுண்ணாம்பே. சோடியமும் குளோரைடும் நீரிலேயே தங்கி, நீர் வற்ற வற்ற மேலும் செறிவடைகின்றன. எனவே ஆற்றை நம்பி வாழும் ஊர்களுக்கு, உப்பு ஆற்றில் சேராமல் தடுப்பதே முதன்மையான வழி. அவ்வாறு தடுக்க முடியுமா என்பதற்கு மிகத் தெளிவான பதிவுகளைக் கொண்ட ஆறு ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆகும். அதன் வரலாற்றை இங்கு விளக்கி, உப்பு நீர் உடலில் செய்வது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இறுதியில் கூறுவோம்.

மர்ரே ஆற்றில் உப்பு எங்கிருந்து வருகிறது?

மர்ரே, டார்லிங் ஆகிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் பாயும் படுகை 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது; ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மர்ரே மட்டும் சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடித் தெற்கு ஆஸ்திரேலியாவில் கடலை அடைகிறது. அதன் கீழ்ப்பகுதி பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கடலால் மூடப்பட்டிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற உப்பும், கடற்காற்றும் மழையும் நெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த உப்பும், பாறைகள் சிதைந்து வெளிவந்த உப்பும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்துள்ளன. சில இடங்களில் அந்நிலத்தடி நீர் கடல்நீருக்கு நிகரான உவர்ப்புடையது.

இயற்கையாக அங்கு வளர்ந்திருந்த மல்லீ எனும் யூக்கலிப்டசு வகைப் புதர்க்காடுகள் ஆழமாக வேரூன்றியவை. பெய்த சிறுமழையை ஏறத்தாழ முழுவதும் அவையே உறிஞ்சிக்கொண்டதால் நிலத்தடிக்கு மிகக் குறைவான நீரே இறங்கியது. காடுகள் அழிக்கப்பட்டுக் கோதுமையும் புல்வெளியும் வந்தபின் நிலைமை மாறியது. ஆழமற்ற வேருடைய பயிர்கள் விட்டுவிட்ட நீர் கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, பழைய உவர்நீரை ஆற்றை நோக்கித் தள்ளத் தொடங்கியது. ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் பாய்ச்சப்பட்ட மிகைநீர் அத்தள்ளலை விரைவாக்கியது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணைகளும் நீர்மட்டங்களை மாற்றித் தம் பங்கைச் செய்தன.

நிலத்தடியில் நீர் நகரும் வேகம் மிகக் குறைவு. ஆகவே ஒரு தலைமுறையில் அழிக்கப்பட்ட காட்டின் விளைவு பல பத்தாண்டுகள் கழித்தே ஆற்றில் தெரிகிறது. இன்றும் அவ்விளைவு முழுமையாக வந்து சேர்ந்துவிடவில்லை. நோய்த்தொற்றுக்குப்பின் நோய்க்குறி தோன்றும்வரை உள்ள இடைக்காலத்தை மருத்துவத்தில் அறிவோம். இங்கு அவ்விடைக்காலம் மனித ஆயுளை ஒத்தது. இதனை உணர்ந்தால்தான் பின்னர் வகுக்கப்பட்ட விதிகளின் பொருள் விளங்கும்.

உப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது?

உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு மிகுந்தால் கடத்துதிறனும் மிகும். எனவே ஆற்றங்கரையில் பொருத்திய கருவிகள் மின்கடத்துதிறனை இடைவிடாது பதிவுசெய்கின்றன. இதன் அலகு ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்பதாகும். மர்ரே ஆற்றங்கரையினர் இதனைச் சுருக்கமாக ஈ.சி. என்பர். மின்கடத்துதிறன் எண்ணை ஏறத்தாழ 0.6 ஆல் பெருக்கினால் ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள திண்மங்களின் எடை மில்லிகிராமில் கிடைக்கும். 800 ஈ.சி. என்பது ஒரு லிட்டரில் சற்றொப்ப 500 மில்லிகிராம்.

இந்த 800 என்ற எண்தான் மர்ரே ஆற்றின் கட்டுப்பாட்டிற்கு அடிப்படை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மார்கன் என்னும் சிற்றூரில் உப்பு அளவு 95 விழுக்காடு காலம் 800 ஈ.சி.க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. மார்கனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உவர்நீர் ஊறும் பகுதிகளில் பெரும்பாலானவை அதற்கு மேலே உள்ளன. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெரிய குடிநீர்க் குழாய்கள் அங்கும் அதற்குக் கீழேயும் தொடங்குகின்றன. 1944இல் முடிக்கப்பட்ட மார்கன்–வையல்லா குழாய்வழி அவ்வூரிலிருந்தே நீர் எடுக்கிறது. அடிலெய்டு மாநகருக்கான குழாய்வழிகள் அதற்கும் கீழே உள்ளன. கடும் வறட்சி ஆண்டுகளில் அடிலெய்டு தன் குடிநீரில் 90 விழுக்காடு வரை மர்ரே ஆற்றிலிருந்து பெற்றதுண்டு. ஆகவே மார்கனில் பதிவாகும் எண் ஒரு மாநகரத்தின் குடிநீர்க் குவளையைப் பற்றிய எண்ணுமாகும்.

உப்பைத் தடுக்கும் வழிகள்

ஆற்றங்கரை மாநிலங்கள் உப்பைப் பொறுத்தவரை நெடுங்காலம் ஒன்றையொன்று குறைகூறின. மேலுள்ள மாநிலத்தின் வயல்வடிகால் கீழுள்ள மாநிலத்தின் குடிநீராவதால் இது வியப்பன்று. 1988இல் உப்பு மற்றும் வடிகால் உத்தி உருவாக்கப்பட்டபோதுதான் பொறுப்பு எண்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2001இல் படுகை உப்பு மேலாண்மை உத்தியும், 2015இல் 2030ஆம் ஆண்டு வரைக்கான திட்டமும் அதனைத் தொடர்ந்தன.

நேரடியான வழி, உவர்நீரை ஆற்றில் கலக்குமுன் இடைமறிப்பது. உவர்நீர் மிகுதியாக ஊறும் பகுதிகளில் ஆற்றை ஒட்டி வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, அந்நீரை மின்பம்புகளால் இறைத்து, குழாய் வழியே ஆற்றிலிருந்து தள்ளியுள்ள ஆவியாக்கும் நீர்ப்பரப்புகளில் விடுகின்றனர். வுல்பண்டா, வைக்கரி, புக்பர்னாங், லாக்ஸ்டன், மல்லீ கிளிஃப்ஸ் போன்ற இடங்களில் இவ்வமைப்புகள் இயங்குகின்றன. இவை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் உப்பை ஆற்றில் சேராமல் தடுக்கின்றன. விக்டோரியா மாநிலத்தின் பிரமிட் கிரீக் பகுதியில் இவ்வாறு பெறப்படும் உப்பு பிரித்தெடுக்கப்பட்டு விற்பனைக்கும் செல்கிறது; பிற இடங்களில் அது வெளியில் தேங்கியே கிடக்கிறது. பம்பு நின்றால் உவர்நீர் மீண்டும் ஆற்றை நாடும். ஆகவே இதனை நோயைத் தீர்க்கும் மருந்தாகக் கருதலாகாது. நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்தைப் போன்றது. மின்செலவைக் குறைக்க, ஆற்றில் நன்னீர் மிகுந்து உப்புக் குறைந்திருக்கும் காலங்களில் சில பம்புகளை நிறுத்திவைக்கும் முறையும் அண்மைக் காலத்தில் ஆராயப்பட்டுள்ளது. அளவுகருவிகள் இடைவிடாது பதிவுசெய்யும் ஆற்றில் இது பொறுத்துக்கொள்ளத்தக்க துணிவு. அத்தகைய பதிவு இல்லாத ஆற்றில் இதனைப் பின்பற்றுவது சரியன்று.

இரண்டாவது வழி கணக்குப் பதிவேடு. பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றுபவர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1988 ஜனவரி 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களுக்கு வரவும் பற்றும் எழுதப்படுகின்றன. ஒரு மாநிலம் புதிய பாசனத் திட்டத்தை அனுமதித்தால், அதனால் மார்கனில் உயரக்கூடிய உப்பு அளவு அம்மாநிலத்தின் பற்றுக் கணக்கில் ஏறும்; இடைமறிப்பு அமைப்புக்குப் பங்களித்தால் வரவுக் கணக்கில் ஏறும். மார்கனின் சராசரி நாளளவு அடுத்த 100 ஆண்டுகளுக்குள் 0.1 ஈ.சி. மாறக்கூடும் என்று மதிப்பிடப்பட்டாலே அச்செயல் கணக்கில் வர வேண்டும். 0.1 ஈ.சி. என்பது நாவால் உணர இயலாத அளவு. ஆயினும் ஆயிரம் தோட்டங்கள் தலைக்கு 0.1 சேர்த்தால் விளைவு என்ன என்பதை எளிதில் கணக்கிடலாம். மழை மிகுந்த ஓர் ஆண்டைக் காட்டி எந்த மாநிலமும் தன்னைப் புகழ்ந்துகொள்ள முடியாதபடி, 1975 முதல் 2000 வரையிலான காலநிலையைப் பொது அளவுகோலாக வைத்து மாதிரிகள் மூலம் கணிக்கின்றனர். பதிவேடுகளைச் சார்பற்ற தணிக்கையாளர்கள் ஆராய்கின்றனர்.

மூன்றாவதாக, ஆற்றில் போதிய நீர் ஓட வேண்டும். படுகையில் சேர்ந்துவிட்ட உப்பு வெளியேற ஒரே வாயில் கடல்தான். 2012இல் ஏற்கப்பட்ட படுகைத் திட்டம் ஆண்டுக்கு 20 லட்சம் டன் உப்பு கடலுக்கு வெளியேற வேண்டும் என்று குறிக்கோள் வகுத்துள்ளது. வறண்ட ஆண்டுகளில் இது நிறைவேறுவதில்லை. கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற எண்ணம் உலகின் எல்லா ஆற்றங்கரைகளிலும் உண்டு. உப்பைச் சுமந்து செல்லும் நீர் வீணாகவில்லை என்பதை இவ்வாறு அளந்து காட்டினால்தான் மக்கள் ஏற்பர். எதிர்ப்புறத்தில் கடல்நீர் உட்புகாமல் தடுக்க, ஆற்றின் முகத்துவாரத்தில் கூல்வா முதலிய ஐந்து கதவணைகள் 1940இல் கட்டி முடிக்கப்பட்டன.

கட்டுப்பாடு தளர்ந்தபோது நேர்ந்தவை

1990களின் இறுதியில் தொடங்கி 2009 வரை நீடித்த பெருவறட்சியில் ஆற்றின் ஓட்டம் குன்றியது. முகத்துவாரத்தை ஒட்டிய அலெக்சாண்டிரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே இறங்கியது. ஏரி நீர் பயன்படுத்த இயலாத அளவு உவர்ந்ததால், சுற்றியிருந்த ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து புதிய குழாய்வழி அமைக்க நேர்ந்தது. ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டர் நீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை அடிலெய்டு நகருக்கென அமைத்தனர். 2011இல் அதிலிருந்து முதன்முதலாக நீர் கிடைத்தது. இடைமறிப்புப் பம்புகள் எத்தனை இயங்கினாலும், ஓடும் நீர் இல்லாத ஆற்றை அவை மட்டும் காக்க இயலா என்பதற்கு அவ்வாண்டுகளே சான்று.

மற்றொரு நிகழ்வு மறைமுகமானது. மருத்துவ நோக்கில் அதுவே கூடுதல் கவனத்திற்குரியது. டார்லிங் ஆறு இயல்பாகவே சேறு கலந்து கலங்கலாக ஓடும். அக்கலங்கல் சூரிய ஒளியை ஆழத்திற்கு விடாமல் தடுக்கிறது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஓட்டம் ஏறத்தாழ நின்றபோது, நச்சு நீலப்பச்சைப் பாசி சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவியது. கால்நடைகள் இறந்தன, நியூ சவுத் வேல்ஸ் அரசு அவசரநிலை அறிவித்தது. வயல்களிலிருந்து வந்த பாஸ்பரசும் வெப்பமும் முதன்மைக் காரணங்கள். அவற்றோடு, அடியில் ஊறிய உவர்நீர் களிமண் துகள்களை ஒட்டித் திரளச்செய்து படியவைத்தது. தெளிந்த நீரில் ஒளி இறங்கிப் பாசிக்கு வழிவகுத்தது என ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். இப்பாசியின் நரம்பு நச்சுகள் கொதிக்க வைப்பதால் அழிவதில்லை. கலங்கல் தெளிந்துவிட்டது என்று மகிழத்தக்க நிலையல்ல அது.

உப்பு நீர் உடலில் என்ன செய்கிறது?

குடிநீரின் உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் விதிக்கவில்லை. சுவை அடிப்படையில் மட்டும் சில அளவுகளைக் கூறுகிறது. மொத்தக் கரைதிண்மங்கள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்று; 1,000க்கு மேல் நீர் குடிக்க விருப்பமற்றதாகும். சோடியம் சுமார் 200 மில்லிகிராமை எட்டும்போது பலருக்கும் உவர்ப்புத் தெரியும். வரம்பு இல்லாமைக்குக் காரணம், பெரும்பாலானோரின் சோடியம் உணவிலிருந்தே வருகிறது என்பதுதான். அது எல்லாருக்கும் பொருந்தாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வளர்ந்தவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவு. இது 5 கிராம் உப்புக்கு நிகர். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியமுள்ள நீரை ஒருவர் இரண்டரை லிட்டர் பருகினால் 500 மில்லிகிராம், அதாவது வரம்பில் கால்பங்கு, நீரிலேயே சேர்ந்துவிடுகிறது. வெயிலில் உழைப்பவர் 5 லிட்டர் குடித்தால் பாதி. வியர்வையில் ஓரளவு சோடியம் வெளியேறும் என்பது உண்மை. ஆயினும் அதே நீரில் சோறும் குழம்பும் சமைக்கப்படுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டி, கடும் உயர் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் உடையோருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், நோயாளியின் குடிநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று அறிந்திருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு உப்புப் போட்டுச் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியோடு, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்பது இதனால் பொருத்தமாகிறது.

கட்டுப்பாடற்ற நிலையில் ஆற்றுநீர் உவர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வங்கதேசத்தின் கடலோரமே எடுத்துக்காட்டு. குல்னா மாவட்டத்தின் தாகோப் பகுதியில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வறட்சிப் பருவத்தில் குடிநீரால் மட்டுமே நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் சோடியம் உடலில் சேர்வதாகவும், மழைப்பருவத்தில் அது 0.6 முதல் 1.2 கிராமாகக் குறைவதாகவும் மதிப்பிடப்பட்டது. கர்ப்பிணிகளின் உயர் இரத்த அழுத்த நோய்களும் வறட்சிப் பருவத்திலேயே மிகுந்திருந்தன. எனினும் உப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல தாதுக்கள் அடங்கியுள்ளன. அதே கடலோரத்தில் நிகழ்ந்த பின்னாளைய ஆய்வு ஒன்றில், மிதமான உவர்நீர் குடித்தோரின் இரத்த அழுத்தம் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது; அந்நீரிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே மொத்தக் கரைதிண்மங்களின் எண்ணை மட்டும் கண்டு அஞ்சவோ நிம்மதியடையவோ வேண்டாம். அதில் சோடியம் எவ்வளவு என்பதே இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை முதற்கேள்வி.

உங்கள் குடிநீர் உவர்ப்பாக இருந்தால்

நீரை ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். கையடக்கக் கருவி காட்டும் டி.டி.எஸ். எண் மொத்த உப்பை மட்டுமே குறிக்கும். கிருமி, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் கூறாது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500இன்படி மொத்தக் கரைதிண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. குளோரைடுக்கு இவ்வெண்கள் 250, 1,000. இத்தரநிலையில் சோடியத்திற்கெனத் தனி வரம்பு இல்லாததால், ஆய்வகத்தில் சோடியத்தையும் அளக்கும்படி கேட்டுப் பெறுங்கள்.

உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகள் இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீர் உவர்ப்பாக இருக்கிறது என்பதற்காகக் குடிக்கும் அளவைக் குறைத்துக்கொள்வதும் தீங்கே. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமாவது உப்புக் குறைந்த நீரைத் தனியே பெற முயலுங்கள். முறையாகச் சேமித்த மழைநீர் இதற்கு ஏற்றது.

கைக்குழந்தையின் சிறுநீரகம் மிகை சோடியத்தை வெளியேற்றும் திறன் முதிராதது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். மருத்துவர் அறிவுரையால் பால்மாவு தர நேர்ந்தால் உவர்நீரில் கலக்காதீர்கள். வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலையும் கிடைப்பவற்றுள் உப்பு மிகக் குறைந்த, பாதுகாப்பான நீரிலேயே தயாரியுங்கள். அத்தகைய நீர் கிடைக்கவில்லை என்பதற்காக ஓ.ஆர்.எஸ். கொடுப்பதை நிறுத்தலாகாது.

கடினநீரை மென்னீராக்கும் கருவிகள் கால்சியத்தை எடுத்துக்கொண்டு ஈடாகச் சோடியத்தைத் தருகின்றன. ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கினால் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் கூடும். குளிக்கவும் துவைக்கவும் அந்நீர் நன்று. குடிப்பதற்கு மென்னீராக்காத இணைப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. கருவி சோடியத்தை நன்கு நீக்கும். ஆனால் அது பிரித்த உப்பு முழுவதும் கழிவுக் குழாய் வழியே செறிவான உவர்நீராக வெளியேறுகிறது. அக்கழிவுநீரைக் கிணற்றருகிலோ மழைநீர் சேகரிப்புக் குழியிலோ விட்டால், அதே உப்பு உங்கள் நிலத்தடி நீருக்கே திரும்பி வரும். தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதனைப் பயன்படுத்தி, எஞ்சியதைக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.